என் மரங்களை வெயிலிலிருந்து எடுத்து வைத்த அம்மாவுக்கு

அன்பு நண்பர்களே,

வெள்ளம் பட்டறைக்குள் புகுந்த பிறகு, மரத்தில் சுட்டு ஓவியம் வரையும் சூட்டுக்கோலை நேற்று மாலைதான் திரும்பவும் கையில் எடுத்தேன். பலகையில் பாதியில் நின்றிருந்த ஆந்தையின் இடது இறக்கையில் ஒரே ஒரு இறகு. மரத்தில் ஈரம் இருந்தால் முனை பட்டதும் சுர்ரென்று ஆவி கிளம்பும், கோடு மங்கிப் பரவிவிடும். அப்படி எதுவும் ஆகவில்லை. கோடு சுத்தமாக, தேன் நிறத்தில் விழுந்தது. கோலைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அழுது முடித்த கையோடு இதை எழுதுகிறேன்.

வெள்ளத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். அதை மறுபடி சொல்லப் போவதில்லை. மிதந்து போன மரத்துண்டுகளை நாலு வீடு தள்ளிப் போய்ப் பொறுக்கி வந்தவர்கள், சேற்றை அள்ளியவர்கள், துருப்பிடித்த உளிகளை ஒவ்வொன்றாக எண்ணெய் போட்டுத் தேய்த்துக் கொடுத்த இரண்டு மாணவர்கள், தன் சூட்டுக்கோலையே தூக்கிக் கொடுத்து "உங்களுது சரியாகிற வரைக்கும் வெச்சுக்கோங்க" என்ற நண்பர், முன்பணம் கொடுத்திருந்தும் ஒருமுறைகூட எப்போது முடியும் என்று கேட்காத எல்லோருக்கும் என் நன்றி. தண்ணீர் அடித்து வந்த பலகைகளைச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கும்தான். அவற்றில் பெயின்ட் அடித்தவை நிறைய. பெயின்ட்டைச் சுட்டால் வரும் புகை நுரையீரலுக்கு ஆகாது என்பதால் ஓவியத்துக்கு எடுக்க முடியவில்லை. ஆனால் பட்டறையின் புது அலமாரி முழுக்க நீங்கள் தந்த பலகைதான்.

இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. அவர் பெயர் எனக்குத் தெரியாது.

மூன்றாவது நாள் சேறு அள்ள வந்தவர்களோடு அந்த அம்மாவும் வந்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. கையில் துடைப்பம். நான் அப்போது நனைந்த மரங்களையெல்லாம் முற்றத்து வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தேன். வட்டத் துண்டுகள், பட்டையோடு இருந்த பலகைகள், பாதி செதுக்கிய மீன்கொத்தி, பிறகு அந்த ஆந்தை. நண்பர்களும் ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தார்கள். சீக்கிரம் காய்ந்தால் போதும் என்பதுதான் எல்லோர் மனசிலும்.

அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"தம்பி, இத யாரு வெயில்ல போட்டது?"

"நான்தாம்மா."

"எடுங்க. மொதல்ல எடுங்க. வெடிச்சிரும்."

இது எனக்குத் தெரியாத விஷயமா? பதினோரு வருஷமாக மரத்தோடு இருக்கிறேன். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, மரத்தின் வளர்ச்சி வளையத்தை ஒட்டிச் சுருங்கும். அதனால்தான் அவசரமாகக் காயும் வட்டத்துண்டு விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் பிளக்கிறது. வெட்டுமுகம், அதாவது குறுக்கே அறுத்த முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும். பச்சை மரத்துக்கு ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழல் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. இதையெல்லாம் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன். அன்றைக்கு ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. தண்ணீர், சேறு, நாற்றம் இவ்வளவுதான் தலைக்குள் இருந்தது. அம்மா கேட்ட நேரத்தில் இரண்டு துண்டுகளில் கத்திமுனை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்திருந்தது.

அவரே ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே கொண்டு போனார். கரண்ட் இல்லாததால் வீட்டில் மெழுகுவத்தி இருந்தது. அதை ஒரு டப்பாவில் உருக்கி, பலகைகளின் வெட்டுமுகத்தில் துணியால் தொட்டுத் தொட்டுப் பூசினார். அப்புறம் அடுக்க ஆரம்பித்தார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் போக ஏதாவது வைக்க வேண்டும், அதுவும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை முறுக்கிக்கொள்ளும். சுற்றிலும் பார்த்தார். மாடியில் தப்பித்திருந்த என் மகளின் பையிலிருந்து கலர் பென்சில் பெட்டி எட்டிப் பார்த்தது.

"பாப்பா, இத நான் எடுத்துக்கவா?"

மகள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பெட்டியை நீட்டினாள். பன்னிரண்டு பென்சில். அடுக்குக்கு மூன்று. மேலடுக்குப் பென்சில் கீழடுக்குப் பென்சிலுக்கு நேராக வரும்படி, குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துப் பார்த்து வைத்தார். உச்சியில் இரண்டு செங்கல் பாரம். அவர் அப்பா மரவாடியில் வேலை பார்த்தவராம், பள்ளிக்கூடம் விட்டதும் இவர் நேரே அங்கேதான் போவாராம். அவ்வளவுதான் சொன்னார். "ஏற்கெனவே காஞ்ச மரம்தான தம்பி, குடிச்ச தண்ணிய மெதுவா விடட்டும், அவசரப்படுத்தாதீங்க" என்றார்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மேல் தட்டில் நனையாமல் கிடந்த, உள்ளே பொந்து விழுந்த கிளைகளை எடுத்து வைக்கும்போது, ஒவ்வொன்றையும் தரையில் மூன்று தடவை மெல்லத் தட்டினார். "எதுக்கும்மா?" என்று கேட்டேன். "உள்ள யாராச்சும் இருந்தா வெளிய வரட்டும்" என்றார். மூன்றாவது கிளையிலிருந்து ஒரு பல்லிக்குட்டி ஓடி வந்தது.

அந்தத் தட்டல் இன்னும் காதில் இருக்கிறது. நான் உயிருள்ள மரத்தை வெட்டுவதில்லை, விழுந்த மரத்தைத்தான் எடுக்கிறேன் என்று இத்தனை நாளும் பெருமையாகச் சொல்லி வந்தேன். விழுந்த மரமும் காலி வீடு இல்லையே. ஆந்தைக்குச் சொந்தமாகப் பொந்து குடையத் தெரியாது. மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போனதிலோ, கிளை ஒடிந்து உளுத்த இடத்திலோதான் அது குஞ்சு பொரிக்கும். கிளியும் மைனாவும் அப்படித்தான். மரம் சாய்ந்த பிறகு அதே பொந்தில் பல்லி, வண்டுப்புழு, பூரான் என்று வேறு குடித்தனம். அந்த வீட்டைத் தூக்கி வந்து அதன் மேல் ஆந்தை வரைந்துகொண்டிருந்திருக்கிறேன். இனி பொந்துள்ள மரத்தைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுவேன். மற்றதையும் தட்டிப் பார்க்காமல் எடுக்க மாட்டேன்.

அம்மா சொன்னபடி அவசரப்படுத்தவில்லை. ஆந்தைப் பலகையை வாரம் ஒரு தடவை தராசில் வைத்தேன். முதல் வாரம் 1,940 கிராம். ஏழாவது வாரம் 1,610. நேற்றும் அதே 1,610. எடை இறங்குவது நின்றால் மரம் விட வேண்டியதை விட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு வெடிப்புகூட இல்லை. ஆந்தையின் கண்ணாக நான் விட்டு வைத்திருந்த முடிச்சு, கருவிழி மாதிரி, அப்படியே இருக்கிறது.

பலகையைத் திருப்பினால் பின்பக்கம் மூன்று மெல்லிய கோடுகள். சிவப்பு, நீலம், பச்சை. ஈர மரம் பென்சில் பூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு உப்புத்தாள் போடவில்லை, போடவும் மாட்டேன். ஓரத்து மெழுகும் அப்படியே இருக்கட்டும்.

அன்றைக்கு அம்மாவோடு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவரிடம் சொல்லுங்கள். அம்மா, நீங்களே படித்தால் ஒரு நடை வந்து போங்கள். இன்னும் இரண்டு வாரத்தில் இறக்கை முடிந்துவிடும். ஆந்தை உங்களுக்குத்தான். பென்சில்களைப் பாப்பா பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். உங்களிடம் காட்ட வேண்டுமாம்.