வாயைக் கட்டச் சொன்ன வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உடல்நலப் பக்கத்தில், "உடல் பருமன் வாயைக் கட்டத் தெரியாதவர்களுக்கு வரும் நோய்" என்று ஒரு வரி வந்திருந்தது. பக்கத்திலேயே கழுத்துக்கு மேல் வெட்டப்பட்ட ஒரு பெண்ணின் படம். முகம் இல்லை, வயிறு மட்டும் இருந்தது. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு மறுநாள் மறுபடியும் எடுத்துப் படித்தேன். மனம் ஆறவில்லை.

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். அம்மா இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், பால்மரப் பட்டையைச் சீவி, வாளி சுமந்து வீடு திரும்ப நண்பகலாகிவிடும். காலையில் சீனி அள்ளிப் போட்ட கோப்பி, மதியம் தட்டு நிறையச் சோறு. அவர் 50 கிலோவைத் தாண்டியதே இல்லை. அதே சோற்றில்தான் நானும் வளர்ந்தேன். பிறகு தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். எங்களுக்கு நான்காவது மாடியில் வீடு, எனக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. 22 ஆண்டுகள், 12 மணி நேரம் ஒரே நாற்காலி, பகலில் அரைத் தூக்கம். போன ஆண்டு என் எடை 96 கிலோ. அம்மாவுக்கு என்னைவிட வாய்க்கட்டு அதிகம் என்று யாராவது சொன்னால் அவரே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

தோட்டத்தோடு தோட்ட ஆஸ்பத்திரியும் போயிற்று. அங்கே டிரசர் என்று நாங்கள் அழைக்கும் மருத்துவ உதவியாளர் ஒருவர் இருந்தார். எங்கள் குடும்பத்தில் யாருக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்), யாருக்கு இரத்த அழுத்தம் என்பது அவருக்கு மனப்பாடம். அது மூடப்பட்டதைப் பற்றி நான் தங்களுக்கு இரண்டு முறை எழுதினேன். இரண்டும் வெளிவரவில்லை. தீபாவளி மலரில் மட்டும் ஆண்டுதோறும் எட்டுப் பக்கத்துக்குப் பலகாரக் குறிப்பு வருகிறது. அடுத்த மாதமே இனிப்புநீரைப் பற்றி எங்களைக் கண்டித்து ஒரு கட்டுரையும் வருகிறது.

அந்தக் கட்டுரையில் இன்னொரு பிழையும் இருக்கிறது. உடல் எடைக் குறியீடு (BMI, அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 25-ஐக் கடந்தால் மிகை எடை, 30-ஐக் கடந்தால் பருமன் என்று போட்டிருக்கிறீர்கள். நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியில் அது 23, 27.5. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே இனிப்புநீரும் இதய நோயும் வந்துவிடுவதால்தான் அந்தக் கணக்கு. தாங்கள் அறியாததல்ல. தங்கள் பத்திரிகையைப் பார்த்து, "எனக்கு 26 தானே, ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக இருக்கும் வாசகருக்கு யார் சொல்வது?

என் அக்காவின் கதையையும் சொல்ல வேண்டும். இதே பக்கத்தின் அடியில் முன்பொரு முறை, ஏழே நாளில் ஐந்து கிலோ குறையும் என்று ஒரு கோப்பி விளம்பரம் வந்தது. அக்கா வாங்கினார். பசி அடங்கியது உண்மை. மூன்றாம் வாரம் நெஞ்சு படபடத்து, நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்தக் கோப்பியில் என்ன கலந்திருந்தது என்று எங்களுக்கு யாரும் சோதித்துச் சொல்லவில்லை. ஆனால் இத்தகைய மெலிவுப் பொருள்களில் சிபுட்ராமின் என்ற பசியடக்கும் மருந்து கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பல முறை எச்சரித்திருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்ட மருந்து அது. மேலே வாயைக் கட்டச் சொல்லும் கட்டுரை, கீழே அந்த விளம்பரம். அன்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பக்கம்தான் கண்முன் வந்தது.

நான் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். 1 ரிங்கிட் கட்டணம்தான். அங்கிருந்த உணவியல் நிபுணர், ஒரு சின்னப் பெண், என்னைத் திட்டவில்லை. எடை குறையக் குறைய உடலே எதிர்த்து நிற்கும், பசியைத் தூண்டும் சுரப்பு கூடும், இது உங்கள் மனவலிமைக் குறைவு அல்ல என்றார். 50 வயதில் முதன்முதலாக அதைக் கேட்டேன். கேட்டதும் அழுதுவிட்டேன். கால் தட்டு சோறு, கால் தட்டு மீன் அல்லது கோழி, அரைத் தட்டு காய்கறியும் பழமும் என்று தட்டைப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தார். எட்டு மாதத்தில் 8 கிலோ குறைந்தது. முழங்கால் வலி பாதியாகிவிட்டது, அழுத்த மாத்திரையையும் டாக்டர் குறைத்திருக்கிறார். மொத்த எடையில் 5 முதல் 10 விழுக்காடு இறங்கினாலே சீனி, அழுத்தம், கொழுப்பு எல்லாம் சீராகத் தொடங்கும் என்பதை என் உடம்பிலேயே பார்த்துவிட்டேன்.

எடை குறைய வாரம் ஒரு முறை போடும் செமாகுளுடைடு என்ற மருந்து ஊசியைப் பற்றியும் கேட்டேன். ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்ததாம். நிறுத்தினால் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும் என்றும் சொன்னார்கள். தனியார் கிளினிக்கில் மாத விலையைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். குறியீடு மிக அதிகமாக இருப்பவர்களுக்கு இரைப்பை அறுவைச் சிகிச்சையும் உண்டு. அதற்குப் பின் வாழ்நாள் முழுவதும் வைட்டமின் எடுக்க வேண்டும், கண்காணிப்பில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூட அந்த அரைப் பக்கக் கட்டுரையில் இல்லை.

2023-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு மிகை எடையோ பருமனோ இருக்கிறது. இத்தனை பேருக்கும் வாய்க்கட்டு இல்லை என்று எழுத அந்தக் கட்டுரையாளருக்கு எப்படி மனம் வந்தது, ஐயா?

நான் கேட்பது மூன்று மட்டுமே. குறியீட்டு எண்களுக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மெலிவுக் கோப்பி விளம்பரங்களை ஏற்காதீர்கள். அடுத்த முறை எங்களைப் பற்றி எழுதும்போது, முகத்தோடு ஒரு படம் போடுங்கள். யாரும் தரவில்லை என்றால் என் படத்தை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத் தொழிலாளியின் மகள்,
பாடாங் செராய், கெடா.