நீ இல்லாத பேண்டும் நாங்கள் பார்த்த ஆட்டமும்

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் தம்பியும் நானும் நலம். உன் உடம்புக்கும் படிப்புக்கும் குறையொன்றும் இராது என்று நம்புகிறேன். "நான்தான் பள்ளியின் பேண்ட் வாத்தியக் குழுவில் இப்போது இல்லையே, பிறகு எதற்காக வெள்ளிக்கிழமை மூன்று பேரும் அமெரிக்கக் கால்பந்து பார்க்க ஸ்டேடியத்துக்குப் போனீர்கள்?" என்று தொலைபேசியில் கேட்டாய். இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அன்று அது, ஆகவே எழுதுகிறேன்.

நீ கிளாரினெட் வாசித்த காலத்தில் எங்கள் கண்களுக்கு உங்கள் பேண்ட் களமிறங்கும் இடைவேளை மட்டுமே ஆட்டமாக இருந்தது. இம்முறை எங்களை அழைத்தவர் பக்கத்து வீட்டு அம்மா. கொலுவுக்கு வந்து சுண்டலைக் கேட்டு வாங்கிச் சாப்பிடும் அவருடைய மகன் இந்த ஆண்டு முதல் அணியில் இடது கார்டாக, அதாவது முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுப்பவனாக, ஆடுகிறான். வேதியியலில் 70 மதிப்பெண்ணுக்குக் கீழே போய்விடுவோமோ என்று அவன் பயந்ததும், நீ இரவில் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் எனக்குத் தெரியும். தேர்ச்சி பெறாதவர் களமிறங்கக் கூடாது என்று டெக்சாஸ் 1984இல் இயற்றிய சட்டம் உன்னைப் போன்ற பேண்ட் பிள்ளைகளையும் கட்டுப்படுத்தியது அல்லவா? அவன் தேறிவிட்டான். ஆட்டத்துக்கு முந்தைய நாள் வேலியோரம் நின்று, "பந்தைப் பார்க்காதீர்கள் ஆன்ட்டி, எங்கள் வரிசையைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்படிப் பார்த்ததால்தான் இந்த ஆட்டம் எனக்கு விளங்கியது. நடுவில் சென்டர், அவனுக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள், அவர்களுக்கு அப்பால் இரண்டு டேக்கிள்கள் என்று ஐந்து பிள்ளைகள் குனிந்து நிற்கிறார்கள். வழக்கமான ஆட்டத்தில், அவர்களுக்குப் பின்னால் நின்று ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. பந்து வைத்திருப்பவனுக்கு வழி திறப்பதும், எறிபவனைக் காப்பதும்தான் அவர்கள் வேலை. நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும் என்ற விதியின் பாரம் முழுவதும் இந்த ஐவரின் தோளில்தான் விழுகிறது. ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாம் குவார்ட்டரில் நான்காவது முயற்சி. ஒரு கெஜம்தான் தேவை. பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் ஆடும்படி சைகை காட்டினார். ஐவரும் தரையோடு தரையாகப் பாய்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த பையன் குவியலுக்குள் மறைந்தான். அளவுச் சங்கிலியை ஓரத்திலிருந்து கொண்டுவந்து நீட்டிப் பார்க்கும் வரை ஸ்டேடியத்தில் யாரும் உட்காரவில்லை. பந்தின் நுனி சங்கிலி முனையிலிருந்த கம்பைத் தாண்டியிருந்தது. ஒலிபெருக்கி ஓடியவன் பெயரைச் சொன்னது. பக்கத்து வீட்டு அம்மா மட்டும் தம் மகனுடைய எண்ணைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார். நானும் கத்தினேன்.

நாம் டெக்சாஸின் இந்த ஆலன் ஊருக்கு வருவதற்கு முன்பு, 2009இல், ஊர் மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட 119 மில்லியன் டாலர் கடன்பத்திரத் திட்டத்திலிருந்துதான் இந்த ஸ்டேடியத்துக்கு ஏறத்தாழ 60 மில்லியன் போனது. 18,000 இருக்கைகளோடு 2012இல் திறந்தார்கள். 2014இல் கான்கிரீட்டில் விரிசல்கள் கண்டு மூடினார்கள். பழுது பார்த்து அடுத்த ஆண்டு மறுபடி திறந்தார்கள். ஒரு பள்ளிக்கு இத்தனை பணம் மிகுதி என்ற என் எண்ணம் மாறவில்லை. ஆயினும், பக்கத்து ஃபிரிஸ்கோ பத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளாகப் பிரிந்து நிற்க, ஆலன் ஒரே பள்ளியாக இருந்துகொண்டதால்தான் ஊர் முழுவதற்கும் ஒரே அணி, ஒரே வெள்ளிக்கிழமை என்று அமைந்திருக்கிறது. இந்தப் பள்ளியின் பழைய மாணவர் கைலர் மர்ரி முதன்மைக் குவார்ட்டர்பேக்காக இறங்கிய 42 ஆட்டங்களிலும் தோற்காமல், 2012 முதல் 2014 வரை மூன்று மாநிலப் பட்டங்களை வென்றதை, பள்ளியில் பிள்ளைகளே இல்லாத முதியவர்கள்கூட எங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் தலையசைத்துக் கடந்து போகிற முகங்களை நான் வேறெங்கும் இப்படி ஒருசேரப் பார்ப்பதில்லை. உன் கேள்விக்கு என் முதல் பதில் இதுதான், கண்ணு. நீ பேண்டில் இருந்ததால் இந்த ஊர் ஆட்டத்துக்கு நாங்கள் அறிமுகமானோம். நீ போனதோடு அந்த உறவு முடிந்துவிட வேண்டியதில்லை.

கல்லூரிகளுக்குச் சனி, தொழில்முறை அணிகளுக்கு ஞாயிறு என்று வழக்கம் ஏற்பட்டதில் பள்ளிகளுக்கு வெள்ளி வாய்த்தது. பள்ளி அணிகளின் ஆட்டப் பருவம் நடக்கும் வாரங்களில் தொழில்முறை ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டி வெள்ளி மாலைக் கூட்டத்தைக் கலைத்துவிடாதபடி 1961ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று தடுத்து நிற்பதாக அப்பா படித்துச் சொன்னார். பிள்ளைகளின் ஆட்டத்துக்காக ஒரு நாட்டின் சட்டம் இவ்வளவு யோசித்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

இடைவேளையில் நான் எழுந்திருக்கவில்லை. 600க்கும் மேற்பட்ட பிள்ளைகள் களத்தை நிறைத்து நடந்தபோது, கிளாரினெட் வரிசையில் உன் உயரத்தில் ஒரு பெண் இருந்தாள். அவள் யாரென்று தெரியாது, நன்றாக வாசித்தாள். நாச்சோஸ் விற்கும் இடத்தில் என்னோடு வேலை பார்த்த பெற்றோர் சிலர் இன்னும் நிற்கிறார்கள், உன்னை விசாரித்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். கடைசிக் குவார்ட்டரில் எதிரணிப் பையன் ஒருவன் விழுந்து எழாமல் கிடந்தான். இரு அணியினரும் முழங்காலிட்டுக் காத்திருந்தார்கள். அவன் எழுந்து, தாங்கிப் பிடித்தவர்களோடு நடந்து போனபோது இருபுறமும் கைதட்டினோம். அவன் மறுபடி ஆடவில்லை. தலையில் அடியென்று ஐயம் எழுந்தாலே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்கக் கூடாது என்பது 2011இல் வந்த டெக்சாஸ் சட்டம். பயிற்சியில் முழு வேகத்தில் மோதிக்கொள்வதற்கும் வாரத்துக்கு 90 நிமிடம் என்று வரம்பு உண்டு. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனாலும் ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்ட தம்பி தானும் அணியில் சேர வேண்டும் என்று கேட்கும்போது என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. அப்பா சம்மதித்துவிடுவார் போலிருக்கிறது. அவன் உன் சொல்லைக் கேட்பான்; எதைச் சொன்னாலும் யோசித்துச் சொல்.

மூன்று புள்ளிகளில் நம் அணி வென்றது. தோற்றவர் வெளியேறும் பிளேஆஃப் சுற்றுகள் நவம்பர் நடுவில் தொடங்கும். மூன்றாம் சுற்று தேங்க்ஸ்கிவிங் விடுமுறையை ஒட்டி வரும். நம் அணி அதுவரை தாக்குப்பிடித்தால், எந்த ஊரில் ஆட்டம் நடந்தாலும் தாமே வண்டி ஓட்டுவதாக அப்பா சொல்கிறார். உன் விமான டிக்கெட்டைச் சனிக்கிழமைக்குப் போடாமல் ஞாயிற்றுக்கிழமைக்குப் போடு. குளிருக்குத் தடித்த கோட்டு எடுத்து வா. உன் பழைய பேண்ட் ஜாக்கெட் இங்கே பத்திரமாக இருக்கிறது, ஆனால் அது போதாது.

அன்புடன்,
அம்மா