மகாநாமரின் கேள்விதான் உன் கேள்வியும்

அன்புள்ள தம்பி,

ஆசையின் கேடு தெரிந்தும் மனம் ஏன் அங்கேயே ஓடுகிறது என்று கேட்டிருந்தாய். புத்தரின் சாக்கியக் குலத்தைச் சேர்ந்த மகாநாமர் அவரிடம் கேட்டதும் இதையேதான். புலனின்பத்தில் சுவை கொஞ்சம், துன்பம் அதிகம் என்று அறிவு தெளிந்தாலும், அதைச் சாராத வேறோர் இன்பத்தை எட்டாதவரை மனம் அதற்கே திரும்பும் என்பது அவருக்குக் கிடைத்த பதில்.

அதனால் வெறும் வைராக்கியத்தை நம்பாதே. கடுந்தவத்தால் உடல் வற்றிக் கிடந்தபோது புத்தர் நினைத்தது, முன்பு நாவல் மர நிழலில் வாய்த்த தியான இன்பத்தை. அதற்கு ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, உணவெடுத்து உடலைத் தேற்றிய பிறகே அமர்ந்தார்.

மணிமேகலை சொல்லும் பன்னிரு சார்பில், அதாவது ஒன்றிலிருந்து ஒன்றாகத் துன்பம் எழும் பன்னிரண்டு கண்ணிகளில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று ஒரு வரிசை வரும். புலனில் பொருள் படுவது ஊறு. அதனால் எழும் உணர்ச்சி நுகர்வு. இந்த இரண்டையும் நிறுத்த முடியாது. இனிப்பு இனிக்கத்தான் செய்யும். நுகர்வு வேட்கையாக மாறும் இடத்தில்தான் உனக்கு வேலை. கை போனுக்கு நீளும்போது மூன்று மூச்சு பொறுத்து, உள்ளே இருப்பது இனிமையா, கசப்பா, இரண்டும் இல்லாததா என்று பார். பெரும்பாலும் மூன்றாவதுதான். அந்த வெறுமையைக் கவனிக்காமல் விடுவதால்தான் எதையாவது தேடிக் கை போகிறது.

பிறகு சுவை, கேடு, விடுபடும் வழி என்ற வரிசையில் ஆராய். பலர் கேட்டிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். சுவையை ஒப்புக்கொள்ளாத மனம் உன்னை நம்பாது.

மாதம் ஒரு பௌர்ணமியில் உபோசதம் என்ற பௌத்த நோன்பு இரு, உடல்நிலை இடம் கொடுத்தால். அன்று எட்டுச் சீலங்கள் என்ற ஒழுக்க விதிகளைக் காக்க வேண்டும்: அவற்றின்படி நண்பகலுக்குப் பின் மறுநாள் விடியும்வரை உணவில்லை, பாட்டு கூத்து இல்லை. மறுநாள் இரட்டிப்பாகச் சாப்பிட்டால், ஆசை அடங்கவில்லை, அமுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்.

வீட்டை விட வேண்டியதில்லை. இல்லறத்தில் இருந்த சீடரான வணிகர் அநாதபிண்டிகருக்குப் புத்தர் இல்லறத்தானின் 4 இன்பங்களைச் சொன்னார்: பொருள் இருப்பது, அதைத் துய்ப்பது, கடன் இல்லாதது, பழி இல்லாதது. முதல் மூன்றும் கடைசியின் 16இல் ஒரு பங்குக்கும் ஈடாகாது. தியானத்தில் உன் பழைய தவறு ஒன்றே திரும்பத் திரும்ப வந்தால், மூச்சோடு மல்லுக்கட்டாதே. எழுந்து போய் அதைச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்.

அன்புடன்,
அண்ணன்