அந்த நன்றிக்குப் பச்சை காட்டாதீர்கள்

ஏஐ சிங்கப்பூரின் சீ-லயன் குழுவினருக்கு வணக்கம்.

வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகத் தமிழ் அழைப்புகளை எடுத்து வருகிறேன். பேசுபவரின் மனநிலையைக் கணித்து, திரையோரத்தில் பச்சை அல்லது சிவப்பு காட்டும் கருவி ஒன்றை அண்மையில் பொருத்தினார்கள். அது உங்கள் தயாரிப்பு இல்லை. ஆனாலும் தமிழையும் சேர்த்து இங்கே மொழி மாதிரி, அதாவது மொழியைக் கையாளும் ஏஐ, உருவாக்குகிறவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன மாதம் தெம்பனிஸிலிருந்து ஒரு பாட்டி அழைத்தார். ஐஸ்பெட்டி பழுது, அது மூன்றாவது அழைப்பு. "நல்லா பாத்துக்கிட்டீங்க தம்பி, ரொம்ப நன்றி லா. இன்சுலின பக்கத்து வீட்டுலயே வெச்சுக்கிறேன்." குரல் உயரவே இல்லை. பச்சை விழுந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் அதைப் பார்த்து அழைப்பை முடித்துவிட்டான். சிவப்பு விழுந்தால்தான் மேலாளருக்குப் போகும். நான்கு நாள் கழித்துப் பதிவைக் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. நம் வீட்டுப் பெரியவர்கள் மனம் விட்டுப்போனால் இப்படித்தான் பேசுவார்கள்.

இத்தகைய கருவிகளுக்குள் இருக்கும் நியூரல் நெட்வொர்க் என்ற கணினி அமைப்பு சொற்களை எண்களாக்கி, பழகிய உதாரணங்களை வைத்துத்தான் முடிவு சொல்கிறது. இப்படிப்பட்ட உதாரணங்கள் எங்கிருந்து வருகின்றன? 2020இல் வெளியான தமிழ்-ஆங்கிலக் கலப்புத் தொகுப்பு ஒன்றில் 15,744 யூடியூப் கருத்துகள் இருக்கின்றன. பெரும்பாலும் திரைப்பட முன்னோட்டங்களுக்கு ரசிகர்கள் எழுதியவை. நேர்மறை 10,559, எதிர்மறை 2,037. அதைத் தொகுத்தவர்களை மதிக்கிறேன். 'கலவையான உணர்வு' என்று தனி வகையே வைத்திருந்தார்கள். எங்கள் திரையில் அதுகூட இல்லை. ஆனால் ரசிகரின் 'நல்லா இருக்கு' வேறு, பாட்டியின் 'நல்லா பாத்துக்கிட்டீங்க' வேறு.

சிங்கப்பூர்த் தமிழர் பேச்சையே சேகரியுங்கள், பேசியவரின் ஒப்புதலோடு. லா, மலாய்ச் சொல், பாதியில் நுழையும் ஆங்கிலம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒற்றை வாக்கியத்தைத் தராமல், முந்தைய அழைப்புகளையும் சேர்த்துக் கேட்கவைத்து, பேசியவரின் மனநிலை என்ன என்று குறியிடச் சொல்லுங்கள். குறியிடுகிறவர்களில் அறுபது வயதைத் தாண்டியவர்களும் இருக்கட்டும். கருவிக்குப் புரியாதபோது 'தெரியவில்லை' என்று சொல்லவும் பழக்குங்கள். அப்போது பையன் திரையை விட்டுக் குரலைக் கேட்பான்.

குறியிட ஆள் வேண்டுமென்றால் நானும் என்னுடன் வேலை செய்யும் இரண்டு அக்காக்களும் தயார். சனிக்கிழமை மத்தியானம் எங்களுக்கு வேலை இல்லை.