மாதக் கட்டணத்தை மாதம் மாதமே வாங்குங்கள்

எங்கள் முதியோர் குடியிருப்பின் நிர்வாகச் சபையினருக்கும், லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருந்துகொண்டு அதை நடத்தும் அறங்காவலர்களுக்கும்,

வணக்கம். போன கிழமை கந்தோர் வாசலில் ஒட்டின அறிவித்தலைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை, எழுதினதே நீங்கள். வெளியில் இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மாதக் கட்டணம் 27,000 ரூபாவில் இருந்து 32,000 ஆகிறது. அதையும் இனி மாதம் மாதம் வாங்கமாட்டீர்களாம், ஆறு மாதக் காசை 1ஆம் திகதிக்குள் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 5 வீதம் கழிவு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அறக்கட்டளையின் கணக்குக்கு நேரே அனுப்பினால் இன்னும் கொஞ்சம் கழிவு, பிந்தினால் தண்டப்பணம்.

கட்டணம் கூடினதுக்காக நான் சண்டைக்கு வரவில்லை. தேங்காய் 200 ரூபாவைத் தொட்ட ஊரில் இருந்துகொண்டு எதுவும் கூடக்கூடாது என்று கேட்க எனக்கும் வெட்கமாக இருக்கும். நான் கேட்பது ஒன்றுதான். மாதக் கட்டணத்தை மாதம் மாதம் வாங்குங்கள், அதையும் ஓய்வூதியம் வந்த பிறகு வாங்குங்கள். அரசாங்க ஓய்வூதியம் 10ஆம் திகதி வாக்கில்தான் கணக்குக்கு வரும் என்பது இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் சபையிலேயே ஓய்வுபெற்றவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குக்கூட இது ஞாபகம் வரவில்லையா?

எனக்குப் பக்கத்து அறையில் ஒரு அக்கா இருக்கிறார். பெயர் எழுதவேண்டாம் என்று கேட்டதால் அக்கா என்றே சொல்கிறேன். கணவர் தபாற் கந்தோரில் வேலை பார்த்தவர், அவருடைய விதவைகள் ஓய்வூதியம் வருகிறது. அதோடு அக்காவுடைய பெயரில் பத்து இலட்சம் ரூபா நிரந்தர வைப்பு இருக்கிறது, அதன் வட்டி மாதம் மாதம் வருகிறது. வேறு ஒன்றும் இல்லை. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசாங்கம் 15 வீத வட்டி தந்த காலத்தில்தான் இங்கே வந்தார். அப்போது அந்த வைப்புக்கு மாதம் 12,500 ரூபா வந்தது, அதை நம்பித்தான் கணக்குப் போட்டு வந்தார். 2022இல் அந்த விசேட வட்டியை நிறுத்தினார்கள். பிறகு வட்டி வீதம் ஒருக்கா ஏறி, திரும்ப இறங்கி, 8 வீதம் அளவில் வந்து நின்றபோது மாதம் ஏழாயிரம்கூடக் கையில் வரவில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் முதியவர்களுடைய ஒரு வருட வைப்புக்குப் பத்து இலட்சம் வரை 3 வீதம் மேலதிக வட்டி அறிவித்தார்கள், அதையும் சேர்த்து இப்போது ஒன்பதாயிரத்துச் சொச்சம். வட்டியில் வங்கி 10 வீத வரி பிடிக்காமல் இருப்பதற்கான பிரகடனப் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். (உங்கள் குடியிருப்பில் எத்தனை பேருக்கு அந்தப் படிவம் ஒன்று இருக்கிறதென்றே தெரியாது என்று பார்த்தீர்களா? அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கலாம்.)

இப்போது இந்த அக்கா 1ஆம் திகதிக்குள் 1,92,000 ரூபா கட்டவேண்டும்.

வங்கிக்கு நானும் கூடப் போனேன். வைப்புச் சான்றிதழைச் சேலைக்கடைப் பை ஒன்றுக்குள் போட்டு, அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அங்கே இருந்த தங்கச்சி நல்ல பிள்ளை, பொறுமையாக விளங்கப்படுத்தினாள். கொஞ்சத்தை மட்டும் எடுக்க முடியாது அம்மா, வைப்பை முழுதாக முறிக்கவேண்டும், நேரத்துக்கு முன் முறித்தால் வட்டியைக் குறைத்துத்தான் கணக்குப் பார்ப்போம், இவ்வளவு நாளும் மாதம் மாதம் கூடத் தந்த வட்டியை முதல் தொகையில் இருந்து கழிப்போம் என்றாள். மேலதிக 3 வீதமும் அதோடு போய்விடும். வேண்டாம் என்றால் வைப்பை ஈடு வைத்துக் கடன் எடுக்கலாம், ஆனால் வைப்புக்குத் தரும் வட்டியைவிடக் கடனுக்கு வட்டி கூட. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் இருக்கிற அறைக்குக் காசு குடுக்க நான் கடன்காரியாக வேணுமா பிள்ளை?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை என்ன சொல்லும், தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பி வந்து உங்கள் முகாமையாளரிடம், ஓய்வூதியம் வந்ததும் மாதம் மாதம் கட்டிவிடுகிறேன் என்று சொன்னார். வரிசையில் நாலு பேர் நிற்க, அவர் சொன்ன பதில் இது: "மகனிட்டச் சொல்லி ஒருக்காப் போட்டுவிடச் சொல்லுங்கோ அம்மா, வெளிநாட்டில தானே இருக்கிறார்."

மகன் பாரிஸில்தான் இருக்கிறார். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை, உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறார், வெளிநாடு போக வாங்கின கடனே அடைபடவில்லை. இதை அந்த வரிசையில் நின்று விளக்க வேண்டிய தேவை அந்த அம்மாவுக்கு ஏன் வரவேண்டும்? வெளிநாட்டில் பிள்ளை இருந்தால் அது எடுக்க எடுக்கக் குறையாத கிணறு என்று இன்னும் இந்த ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. 32,000 ரூபா உங்களுக்கு லண்டன் காசில் எண்பது பவுண்தான், எனக்குத் தெரியும், ஒரு குடும்பம் வெளியில் போய் ஒரு இரவு சாப்பிடுகிற காசு. நாங்கள் பவுணில் வாழவில்லை, ஐயா. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தன்னைத்தானே பராமரிக்க முடியாத முதியவர் பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்டு முறையிடலாம். கோப்பை கழுவுகிற மகன்மீது அந்த அக்கா முறைப்பாடு போட்டு, அந்தக் காசை உங்களுக்கு ஆறு மாத முற்பணமாகக் கட்டவேண்டும் என்பதுதான் உங்கள் திட்டமா?

சரி, உங்கள் பக்கத்து நியாயத்தையும் பார்ப்போம். சிலர் கட்டாமல் இழுத்தடிக்கிறார்கள், அதனால் முற்பணம் தேவை என்று கூட்டத்தில் சொன்னீர்களாம். அப்படியானால் நாங்கள் வரும்போது ஆளுக்கு நாலு இலட்சம் வைப்புப்பணம் வாங்கினீர்களே, அது எதற்கு? புதுக் கட்டணத்தின்படி பார்த்தாலும் அது ஒரு வருடக் காசுக்கு மேலே. அதற்கு எங்களுக்கு ஒரு சதம் வட்டி இல்லை. ஒருவர் மூன்று மாதம் கட்டாவிட்டால் அதில் கழித்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? பாதுகாப்புக்கு அந்தக் காசும் வேண்டும், அதற்கு மேல் ஆறு மாத முற்பணமும் வேண்டும் என்றால் அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை. மேல்மாடி ஐயா காலமான பிறகு அவருடைய மகள் அந்த வைப்புப்பணத்துக்கு எத்தனை கடிதம் எழுதினா, சுவருக்குப் பெயின்ற் அடித்த கணக்கு எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும். அதைப் பிறகு ஒருநாள் பேசலாம்.

ஒன்றை மட்டும் கேட்காமல் விட மனம் வரவில்லை. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் திரும்ப 66 வீதம். இரண்டு தடவையும் பராமரிப்புச் செலவு என்று நீங்கள் கூட்டினீர்கள், நாங்கள் வாய் திறக்கவில்லை. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்தார்களே, அந்தச் செய்தி எங்கள் குடியிருப்பு இருக்கிற ஒழுங்கைக்குள் மட்டும் வரவில்லைப் போல. பிறகு யூனில் 15 வீதம் கூடியது உடனே வந்து சேர்ந்துவிட்டது. நல்ல காது.

கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறதே என்று யாரோ ஒருவர் கூட்டத்தில் முணுமுணுத்தாராம். இருக்கிறது, போக்கிடம் இல்லாதவர்களுக்காக இருக்கிறது. அங்கே ஒரு கட்டிலை நாங்கள் பிடித்தால் உண்மையாகவே கதியற்ற ஒருவருக்கு அது இல்லாமல் போகும். எங்களுக்கு ஓய்வூதியம் இருக்கிறது, எங்கள் குசினியில் நாங்களே சொதி வைத்துச் சாப்பிடுகிறோம், எங்கள் துணியை நாங்களே தோய்க்கிறோம். இலவசமாக ஒன்றும் கேட்கவில்லை. உரிய காசைத் தருகிறோம் என்றுதான் சொல்கிறோம், எங்கள் கைக்குக் காசு வருகிற விதத்தில் தருகிறோம் என்கிறோம். இந்த ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்க, கோயிலுக்கும் கலியாண மண்டபத்துக்கும் கோடி கோடியாகக் காசு வந்து கொட்டுப்பட, வயதுபோன ஒருத்திக்கு மாதத் தவணை கொடுக்கிறதுக்கு மட்டும் கணக்கு இடிக்கிறது என்றால்... சரி, இதற்கு மேல் எழுதினால் மரியாதை கெட்டுவிடும், கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

தயவுசெய்து மாதக் கட்டணத்தை மாதம் மாதம் வாங்குங்கள். கடைசித் திகதியை 15 என்று வையுங்கள், அதற்குப் பிறகு தண்டப்பணம் போடுங்கள். மொத்தமாகக் கட்ட வசதி உள்ளவர்கள் கட்டட்டும், அவர்களுக்குக் கழிவும் கொடுங்கள், அதில் எங்களுக்குப் பொறாமை இல்லை. கூட்டின ஐயாயிரம் எதற்குப் போகிறது என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள், காவலாளிக்கு எவ்வளவு, தண்ணீர் மோட்டாருக்கு எவ்வளவு, ஜெனரேட்டர் டீசலுக்கு எவ்வளவு என்று. இனிமேல் கட்டணத்தை மாற்றுவதென்றால் மூன்று மாதத்துக்கு முன் சொல்லுங்கள், வைப்பு முதிர்கிற திகதியைப் பார்த்து நாங்களும் ஒழுங்குபடுத்திக்கொள்வோம். முகாமையாளரிடம் பிள்ளைகளைப் பற்றி வரிசையில் வைத்துக் கேட்கவேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், அதற்குக் காசு செலவாகாது.

அக்காவின் வைப்பை முறிக்கிறதுக்கு அடுத்த திங்கட்கிழமை வரச்சொல்லி வங்கியில் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் உங்கள் பதில் வந்தால் நாங்கள் போகத் தேவையில்லை.

நன்றி.

இப்படிக்கு,
கீழ்மாடிக் குடியிருப்பாளர்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
யாழ்ப்பாணம்