தெளிந்த ஆறுகளைக் கலங்கவிடாதீர்கள்: பிரேசில் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பிரேசிலின் ஆறுகளில் அணை கட்டவும் சுரங்கம் தோண்டவும் அனுமதி வழங்கும் மத்திய, மாநில அதிகாரிகளுக்கு, வணக்கம்.

நான் பறவைகள் மேல் பற்றுள்ள தமிழன். உங்கள் நாட்டு வாக்காளன் அல்லன். ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. பிரேசில் மெர்கன்சர் வாத்து ஒருகாலத்தில் அர்ஜென்டினாவிலும் பராகுவேயிலும்கூட வாழ்ந்தது. இன்று உங்கள் நாட்டை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. வளர்ந்த பறவைகள் 250கூடத் தேறாது என்பதே உலக அளவிலான மதிப்பீடு. தென் அரைக்கோளத்தில் இன்னொரு மெர்கன்சர் இனம் நியூசிலாந்துக்குத் தெற்கே, ஆக்லாந்து தீவுகளில் இருந்தது. 1902க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. ஆகவே நீங்கள் போடும் ஒவ்வொரு கையெழுத்தும் உலகத்துக்கே பொதுவான ஓர் உயிரைத் தொடுகிறது.

இந்த வாத்து கண்ணால் வேட்டையாடுவது. ஓடும் நீரில் மிதந்தபடியே முகத்தை மட்டும் உள்ளே அமிழ்த்தி, அப்படியும் இப்படியும் பார்க்கும். சிறு மீன் ஒன்று கண்ணில் பட்டதும் முழுகிவிடும். ஒல்லியான கறுப்பு அலகின் ஓரம் நெடுக ரம்பப் பற்கள். வழுக்கும் மீன் நழுவ முடியாது. இவ்வளவு கருவி இருந்தும் நீர் கலங்கினால் அதற்குப் பட்டினிதான். மழை ஓய்ந்து ஆறு தெளியும் வறண்ட மாதங்களில் அது முட்டையிடுவதும் அதனால்தான். மரப்பொந்திலோ பாறை இடுக்கிலோ பெட்டை தனியாக ஒரு மாதத்துக்கு மேல் அடைகாக்கும். பொரிந்த குஞ்சுகள் சீக்கிரமே பொந்திலிருந்து குதித்து ஆற்றுக்கு வந்துவிடும். கறுப்பும் வெள்ளையுமான அந்தப் பொடிசுகளைத் தாயும் தந்தையும் சேர்ந்தே வளர்க்கும். அவற்றில் சில பெற்றோரின் முதுகில் ஏறிச் சவாரி செய்வதும் உண்டு.

ஒரு ஜோடி ஆண்டு முழுவதும் தன் ஆற்றை விட்டு நகராது. அதற்குப் பல கிலோமீட்டர் நீள ஆறு வேண்டும். மற்றொரு ஜோடியை அங்கே அண்டவிடாது. 'இங்கே அணை வந்தால் வாத்து கொஞ்சம் மேலே போய்க்கொள்ளட்டும்' என்ற வாதம் உங்கள் கோப்புகளில் வந்தால் தயவுசெய்து ஏற்காதீர்கள். மேலே உள்ள பகுதிக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருப்பார்கள், அல்லது அது இந்தப் பறவைக்கு ஒத்துவராத ஆறாக இருக்கும்.

30 மெகாவாட் வரையிலான நீர்மின் நிலையங்களை நீங்கள் 'சிறியவை' என்று வகைப்படுத்துகிறீர்கள். மின்சாரக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். துள்ளி ஓடும் நீரைத் தேங்க வைக்கும் எந்த அணையும் இந்தப் பறவைக்குச் சிறியதல்ல. அர்ஜென்டினாவின் மிசியோனெஸ் மாநிலத்தைப் பாருங்கள். அழிந்தேபோனது என்று எண்ணப்பட்டிருந்த இந்த வாத்து 1948இல் அங்கே ஓர் ஆற்றில்தான் மீண்டும் தென்பட்டது. பின்னாளில் உருகுவாயீ என்ற அந்த ஆற்றின் குறுக்கே அணை எழுந்து, அது வாழ்ந்த நீரோட்டத்தை மூழ்கடித்தது.

அணை இல்லாத இடத்தில் வண்டல் அந்த வேலையைச் செய்கிறது. சுரங்க மண், கரைவரை உழுத வயல், ஓடையைக் குறுக்கிடும் மண் சாலை எல்லாம் சேர்ந்து ஆற்றைக் கலக்குகின்றன. ஒவ்வொரு திட்டமும் தனித்தனியாகப் பார்க்கும்போது பாதகமில்லாததாகத் தெரியும். ஆனால் எல்லாவற்றின் மண்ணும் வந்து விழுவது ஒரே ஆற்றில்.

சாவோ பிரான்சிஸ்கோ ஆறு பிறக்கும் கனாஸ்த்ரா மலைத்தொடரில்தான் இந்த வாத்து அதிகமாக எஞ்சியிருக்கிறது. 1972இல் அறிவித்த தேசியப் பூங்காவுக்கு ஏறத்தாழ 2 லட்சம் ஹெக்டேர் என்று சொன்னீர்கள். அதில் சுமார் 71,500 ஹெக்டேரே முறைப்படி அரசின் கைக்கு வந்தது. மிச்ச நிலத்துக்கான வழக்கு அரை நூற்றாண்டாக இழுத்துக்கொண்டே போகிறது. இழப்பீடு கிடைக்காத விவசாயியைப் பூங்காவுக்கு எதிரியாக்கியது இந்தத் தாமதம்தான் என்று நான் நினைக்கிறேன்.

நல்லதும் நடந்திருக்கிறது, அதை மனமாரப் பாராட்டுகிறேன். இத்தாத்திபா விலங்குக் காட்சியகத்தில் இந்த வாத்து குஞ்சு பொரித்து வளர்கிறது. 2018இல் பிரேசிலியாவில் உலக நீர் மாநாடு நடந்த ஆண்டில், அதை 'பிரேசில் நீர்நிலைகளின் தூதர்' என்று உங்கள் அரசே அறிவித்தது. கூண்டில் வளர்ந்த குஞ்சை விடுவதற்குத் தெளிந்த ஆறு வேண்டுமே! அந்த ஆறு உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். கனாஸ்த்ராவிலும், ஜலாப்பாவோவின் நோவோ ஆற்றிலும், சப்பாடா தோஸ் வேயாதேரோஸ் ஆறுகளிலும் இந்த வாத்து வாழும் பகுதிகளில் புதிய அணை எதற்கும், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அனுமதி தராதீர்கள். திட்டங்களை ஒவ்வொன்றாக எடைபோடாமல் ஆற்றுப்படுகை முழுவதையும் சேர்த்து எடைபோடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை, குஞ்சு வளரும் மாதங்களில் நீர் எவ்வளவு கலங்குகிறது என்று அளந்து, அந்த அளவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். கனாஸ்த்ரா நிலக்காரர்களுக்கு உரிய பணத்தைக் கொடுத்து அந்த வழக்கை முடித்து வையுங்கள்.

மரியாதையுடன்,
ஒரு பறவை ஆர்வலன்