நடுவர் தீர்ப்புக்கு அடங்காத வெப்பமானி

பட்டிமன்ற ஏற்பாட்டுக் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சமூக மன்றத்தில் நீங்கள் நடத்திய பட்டிமன்றத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவன் நான். ‘உலகம் சூடாகிறது என்பது உண்மையா, கணக்கு வித்தையா?’ என்பது தலைப்பு. ஆறு பேரும் வெளுத்து வாங்கினார்கள். கடைசியில் நடுவர் ஐயா, இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது, ஆளுக்கொரு மரம் நடுவோம் என்று சொல்லி எல்லாரையும் சிற்றுண்டிக்கு அனுப்பிவைத்தார். வடை நன்றாக இருந்தது. தீர்ப்புத்தான் செரிக்கவில்லை.

கூட்டுக் குடும்பமா, தனிக் குடித்தனமா என்ற தலைப்பாக இருந்தால் அப்படி முடிக்கலாம். அது அவரவர் வீட்டுச் சமாச்சாரம். பாதரசம் ஏறியதா, இறங்கியதா என்ற கேள்விக்குக் கைதட்டலை எண்ணி விடை சொல்ல முடியாது.

எதிரணித் தலைவர் பலத்த கைதட்டல் வாங்கிய இடம் நினைவிருக்கிறதா? 1983 ஏப்ரலில் சிங்கப்பூரின் தெங்காவில் 37 டிகிரி. 2023 மே மாதம் அங் மோ கியோவில் அதே 37 டிகிரி. “நாற்பது ஆண்டுகளில் ஒரு புள்ளிகூட ஏறவில்லையே!” என்றார். இரண்டு எண்களும் சரிதான். ஆனால் அவை இரண்டு பிற்பகல்களின் கதை. ஒரு மட்டையாளர் என்றோ ஒருநாள் நூறு அடித்ததை வைத்து அவருடைய ஆட்டத்தை யாராவது எடைபோடுவார்களா? சராசரியைத்தானே கேட்போம்? சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 1948 முதல் 2016 வரை பத்தாண்டுக்கு 0.25 டிகிரி வீதம் ஏறியிருக்கிறது. நம் பதிவுகளில் மிக வெப்பமான ஆண்டுகளாக 28.4 டிகிரியுடன் சமமாக நிற்பவை 2016, 2019, 2024. எண்பதுகளில் ஓர் ஆண்டுகூட அங்கே இல்லை.

அவருடைய அணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை சொன்னதில் பாதி உண்மை இருந்தது. எல்லாம் கான்கிரீட் செய்யும் வேலை என்றார். நம் ஊரில் இரவு நேரத்தில் நகர மையத்துக்கும் மரங்கள் அடர்ந்த புறப்பகுதிக்கும் 7 டிகிரி வரை வித்தியாசம் அளந்திருக்கிறார்கள். ஆகவே நம்முடைய 0.25இல் கட்டடங்களுக்கும் பங்கு உண்டு; அதை ஒத்துக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் தலைப்பு உலகத்தைப் பற்றியது. உலகத்தில் பத்தில் ஏழு பங்கு கடல். நடுக்கடலில் எந்த அடுக்குமாடி இருக்கிறது? அங்கும் வெப்பம் ஏறுகிறதே!

இதே சந்தேகம் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லருக்கும் இருந்தது. பழைய கணக்குகளை நம்பாமல் சுமார் 39,000 வானிலை நிலையங்களின் பதிவுகளைத் தாமே திரட்டினார். எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் அதற்குப் பணம் கொடுத்தது. 2011இல் வந்த முடிவு? மற்றவர்கள் சொல்லிவந்த அதே ஏற்றம். சந்தேகப்படுவதென்றால் அவரைப் போல் சந்தேகப்பட வேண்டும் என்பேன்.

இனி அந்தக் ‘கணக்கு வித்தை’. விஞ்ஞானிகள் பழைய வெப்பநிலைப் பதிவுகளைத் திருத்திவிட்டார்கள் என்று மேடையில் சொன்னபோது அரங்கமே “ஆகா” என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம், நான் தினமும் செய்கிற வேலை அதுதான்.

துவாஸ் பக்கம் ஒரு கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். வெயில், காற்று, ஈரப்பதம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அழுத்தக் கருவி எங்களிடம் இருக்கிறது. தலையில் கறுப்பு உருண்டை, முக்காலி மேல் நிற்கும். மணிக்கொரு முறை குறிக்க வேண்டும். 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு வகுத்த முறைப்படி, அளவு 32ஐத் தொட்டால் கடின வேலை செய்பவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிடமாவது ஓய்வு. ஒருநாள் பதினொரு மணிக்கு 31.6 காட்டியது. சட்டை முழுக்க நனைந்து உப்புப் பூத்த முதுகுகளைப் பார்த்தால் நம்பத் தோன்றவில்லை. போய்ப் பார்த்தேன். யாரோ முக்காலியைத் தகரக் கூரையின் நிழலுக்குள் நகர்த்தியிருந்தார்கள். யார், ஏன் என்பது வேறு கதை. வெயிலுக்கு இழுத்து வைத்துக் காத்திருந்தேன், 33.1. பதிவேட்டில் பழைய எண்ணை அடித்து, காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் செய்தது மோசடியா?

கப்பல்களிலும் இப்படித்தான். அந்தக் காலத்தில் வாளியில் கடல்நீரை மொண்டு அளந்தார்கள். மேலே இழுப்பதற்குள் நீர் ஆவியாகிக் குளிர்ந்துவிடும். பிறகு எஞ்சினுக்குள் போகும் நீரை அளக்கத் தொடங்கினார்கள். இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் வாளி எண்களைச் சற்று உயர்த்தியாக வேண்டும். பழைய காலத்தை உயர்த்தினால் ஏற்றம் கூடுமா, குறையுமா? குறையும். நிலத்தையும் கடலையும் சேர்த்துப் பார்த்தால், இந்தத் திருத்தங்கள் நூற்றாண்டு ஏற்றத்தைக் குறைத்தே காட்டுகின்றன. வித்தை காட்ட வந்தவன் தன் பையிலிருந்தே காசை எடுத்துப் போடுவானா?

உலகம் சூடாவது 1998க்குப் பிறகு நின்றுவிட்டது என்ற வாதத்துக்கு ஒரு வரி போதும்: 2024 வரையிலான பதிவுகளில் மிக வெப்பமான பத்து ஆண்டுகள் 2015 முதல் 2024 வரையிலான பத்தும்தான். பசிபிக் கடல் சூடேறி உலக வெப்பத்தைக் கூட்டும் எல் நினோ ஆண்டான 1998 அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அன்று என்னோடு எங்கள் தங்கும் விடுதித் தம்பிகள் நான்கு பேர் வந்திருந்தார்கள். புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். வாரத்தில் ஆறு நாள் கம்பி கட்டுகிறார்கள். தீர்ப்பைக் கேட்டுவிட்டுப் பஸ்ஸில் ஒருவன், “அப்போ சூடு ஏறலையாண்ணே?” என்று கேட்டான். நடுவரின் சமாதானம் அவனிடம் அப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. உங்கள் மீது எனக்குள்ள வருத்தம் அதுதான்.

வாதாடத் தலைப்பா இல்லை? மணிக்குப் பத்து நிமிட ஓய்வு போதுமா? ஓய்வில் இழந்த நேரத்தின் செலவு முதலாளிக்கா, வீடு வாங்குபவருக்கா? இவற்றில் உண்மையிலேயே இரு தரப்பு உண்டு; நானே எந்தப் பக்கம் உட்காருவேன் என்று சொல்லத் தெரியாது. அடுத்த பட்டிமன்றத்துக்கு இதை எடுத்துக்கொண்டு, அந்தத் தம்பிகளில் ஒருவனையும் மேடையேற்றுங்கள். நிகழ்ச்சியை மட்டும் இரவு ஏழு மணிக்கு மேல் வையுங்கள். வேலை முடிந்து லாரி விடுதிக்குத் திரும்ப அவ்வளவு நேரமாகிவிடும்.

இப்படிக்கு,
கடைசி வரிசைக்காரன்